மூச்சை நோயாளியிடமே விட்டுவைத்த ஐம்பது ஆண்டுகள்

நம் மயக்கவியல் துறையின் பொன்விழா மலரில் துறைத் தலைவர்களின் வரிசையும், பட்டமேற்படிப்பு முடித்தவர்களின் பட்டியலும், அறுவை அரங்குகள் வளர்ந்த கதையும் தனித்தனியே இடம்பெறுகின்றன. மலர்க்குழு எனக்குத் தந்த பொருள் சிறியது. டியூப் போடுவது கடினம் என்று முன்பே தெரிந்த நோயாளிக்கு, டியூப் உள்ளே போய்ச் சேரும்வரை இந்தத் துறை என்ன மருந்து கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, எதைக் கைவிட்டது என்று எழுதச் சொன்னார்கள். கட்டடங்களை விட இந்தக் கேள்விதான் நம் துறையின் குணத்தை நன்றாகக் காட்டும் என்று நம்புகிறேன். அலமாரியில் மருந்துக் குப்பிகள் மாறிக்கொண்டே வந்தன. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த விதி மட்டும் மாறவில்லை: வழி உறுதியாகும்வரை நோயாளியின் மூச்சில் கை வைக்காதே.

நம் வாசலுக்கு வந்தவர்கள்

மருத்துவத்துக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். வழக்கமான அறுவை சிகிச்சையில் நோயாளியை முதலில் உறங்கவைக்கிறோம். தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்ததும் அவர் மூச்சு நின்றுவிடும். முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுத்து, வாயைத் திறந்து, லாரிங்கோஸ்கோப்பால் குரல்நாண்களைப் பார்த்து டியூபைச் செலுத்துகிறோம். வாய் திறக்காதவருக்கும், கழுத்து நிமிராதவருக்கும், நாக்கின் அடியில் கட்டி வளர்ந்தவருக்கும் இந்த வரிசை ஆபத்தானது. உறங்கியதும் தொண்டைத் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரியும். முகமூடியிலும் காற்று போகவில்லை, டியூபும் போகவில்லை என்ற நிலை வந்தால் மூளைக்குக் கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்கள்தான். அதனால் இவர்களுக்கு வரிசையை மாற்றுகிறோம். அவர்கள் விழித்து, தாமாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே டியூபை வைக்கிறோம். அதன் பிறகே உறங்கவைக்கிறோம்.

இப்படிப்பட்ட நோயாளிகளை நம் மருத்துவமனை எப்போதும் நிறையவே பார்த்திருக்கிறது. வெற்றிலையோடு புகையிலையை அடக்கி வைத்துக் கன்னத்திலும் நாக்கிலும் புற்றுநோய் வந்தவர்கள். பாக்கு மென்று வாயின் உட்தோல் நார்போல் இறுகி, ஒரு விரல்கூட நுழையாத நிலையில் வரும் இளைஞர்கள். மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்தோ வேறு விதமாகவோ தீக்காயம் பட்டு, ஆறிய தழும்பு தாடையை நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருந்த பெண்கள். சிறு வயதில் விழுந்து அடிபட்டதைக் கவனிக்காமல் விட்டு, தாடை மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போன குழந்தைகள். பல்லில் தொடங்கிய சீழ் நாக்கின் அடிவரை பரவிக் கழுத்தே வீங்கி வந்தவர்கள். இரு சக்கர வாகன விபத்தில் தாடை நொறுங்கியவர்கள். இவர்கள்தான் நம் துறைக்கு உண்மையான ஆசிரியர்கள்.

நமக்கு முன்னே நடந்தவர்கள்

விழித்திருப்பவருக்கு டியூப் வைப்பது புதுமையான யோசனை என்று இளம் மருத்துவர்கள் நினைப்பதுண்டு. மயக்க மருந்துக்காக வாய் வழியே டியூப் வைத்த முதல் நிகழ்வே அப்படித்தான் நடந்தது. 1878இல் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்யூவன் என்ற அறுவை மருத்துவர், நாக்கின் அடியில் புற்றுநோய் வந்த ஒருவருக்கு, அவர் முழு விழிப்பில் இருக்கும்போதே விரல்களால் தடவி வழிகாட்டிக் குழாயை மூச்சுக்குழலில் வைத்தார். அதற்குப் பிறகே குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்டது. செடேஷன், அதாவது அமைதிப்படுத்தும் மருந்து, எதுவும் இல்லை. அதற்கு முந்தைய நாட்களில் அதே நோயாளியிடம் குழாயை வைத்துப் பழக்கியிருந்தார். பயிற்சியும் நோயாளியின் ஒத்துழைப்பும்தான் அவர் பயன்படுத்திய மருந்து. நம் புற்றுநோய் அறுவை அரங்கில் இன்றும் படுக்கும் நோயாளி அன்றைய அந்த நோயாளியின் நிலையில்தான் வருகிறார்.

முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் முகம் சிதைந்த போர்வீரர்களுக்கு ஹெரால்டு கில்லீஸ் ஒட்டறுவை செய்தார். அவர்களுக்கு மயக்கம் கொடுத்த ஐவன் மாகில், ஸ்டான்லி ரோபாதம் இருவரும் மூக்கு வழியே, கண்ணால் பார்க்காமல், மூச்சின் ஓசையைக் கேட்டே டியூப் செலுத்தும் முறையை வளர்த்தெடுத்தார்கள். அந்த முறை இயங்க வேண்டுமானால் நோயாளி மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு நின்றால் ஓசையும் நிற்கும், வழிகாட்டியும் போய்விடும். இந்தக் கலைதான் பல பத்தாண்டுகள் நம் துறைக்குக் கைகொடுத்தது.

காம்போஸ், ஃபோர்ட்வின், ஃபெனர்கன்

துறையின் தொடக்க ஆண்டுகளில் அலமாரியில் இருந்தவை குறைவு. பாயில்ஸ் மெஷின், ஈதர், பிறகு ஹாலோதேன், தயோபென்டோன், ஸ்கோலின். செடேஷனுக்கு என்றால் காம்போஸ் என்று நாங்கள் சொல்லிவந்த டயசிபாம், ஃபோர்ட்வின் என்ற பென்டசோசின், ஃபெனர்கன் என்ற ப்ரோமெத்தசின். பெத்தடினும் இருந்தது. 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தபின் அதற்கான பதிவேடும் கையெழுத்தும் கூடின. தேவைப்படும் நேரத்தில் கையில் இருப்பது அரிதாயிற்று.

இந்த மருந்துகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. டயசிபாம் 1963இல் சந்தைக்கு வந்த மருந்து. அச்சத்தை நன்றாகத் தணிக்கும். நரம்பில் செலுத்தும்போது எரியும். உடலை விட்டு நீங்க ஒரு நாளுக்கும் மேலாகும். கொடுத்ததைத் திரும்பப் பெற அன்று முறிமருந்தும் கிடையாது. பென்டசோசின் வலியைக் குறைத்தாலும் சிலருக்கு மனக்குழப்பத்தைத் தந்தது. ப்ரோமெத்தசின் எச்சிலை வற்றச் செய்து உறக்கம் தந்தது. அந்த உறக்கம் அறுவை முடிந்த பின்னும் விடவில்லை. மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்தறிய முடியாது.

ஆகவே நம் மூத்தவர்கள் மருந்தைக் குறைத்து, தொண்டையை மரக்கச் செய்வதில் நேரத்தைச் செலவிட்டார்கள். 1948இல் விற்பனைக்கு வந்த லிக்னோகெய்ன்தான் அவர்களின் பெரிய துணை. சைலோகெயின் என்ற பெயரில் வந்த அதன் நாலு சதவீதக் கரைசலில் நனைத்த துணித் திரியை மூக்கில் வைப்பார்கள். வாய் திறந்தால் கொப்பளிக்கச் சொல்வார்கள். குரல்வளைக் குருத்தெலும்புக்குக் கீழே உள்ள சவ்வை விரலால் தொட்டறிந்து, மெல்லிய ஊசியைச் செலுத்தி, சிரிஞ்சில் காற்றுக் குமிழி வருவதைப் பார்த்ததும் இரண்டு மில்லி மருந்தை மூச்சுக்குழலுக்குள் பாய்ச்சுவார்கள். நோயாளி பலமாக இருமுவார். அந்த இருமலே மருந்தை மேலும் கீழும் தெளித்துவிடும். சில நிமிடங்களில் குரல் கரகரப்பாகும். அதன் பிறகுதான் டியூபைத் தொடுவார்கள். நன்றாக மரத்துப்போன தொண்டைக்கு செடேஷன் கொஞ்சம் போதும், மரக்காத தொண்டைக்கு எந்த செடேஷனும் போதாது என்ற பாடம் அந்தக் காலத்திலேயே துறையில் வேரூன்றிவிட்டது.

டியூப் போகவே வழியில்லாதவர்களுக்கு வேறொரு முறை இருந்தது. நைஜீரியாவில் முகம் அழுகும் நோயால் வாய் சிதைந்த நோயாளிகளுக்காக வாட்டர்ஸ் என்ற மருத்துவர் 1963இல் எழுதிய முறை அது. கழுத்தின் முன்புறச் சவ்வின் வழியே எபிடியூரல் ஊசியால் ஒரு மெல்லிய கம்பியையோ கதீட்டரையோ மேல்நோக்கிச் செலுத்தி, மூக்கு அல்லது வாய் வழியே வெளியே எடுத்து, அதன்மேல் டியூபை இறக்குவது. ஏழை நாட்டில், ஏழை நோயாளிகளுக்காகப் பிறந்த அந்த உத்தி, விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாத நம் அரங்குகளுக்கு மிகவும் பொருந்தியது.

கெட்டமின் தந்த துணிச்சல்

தீக்காயத் தழும்புகளின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1962இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு, 1970இல் அங்கே ஒப்புதல் பெற்ற கெட்டமின், நம் ஒட்டறுவைப் பிரிவின் முகத்தையே மாற்றியது. மற்ற மருந்துகள் மூச்சை அடக்கும்போது இது பெரும்பாலும் மூச்சை ஓடவிடும். தொண்டைத் தசைகளின் பிடிப்பும் பெருமளவு தளராமல் இருக்கும். ரத்த அழுத்தம் இறங்காது. அதோடு வலியையும் போக்கும்.

தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கும் ஒருவருக்கு லாரிங்கோஸ்கோப்பின் கைப்பிடியை வைக்கவே இடமிருக்காது. அவருக்குக் கெட்டமினைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, தழும்பில் லிக்னோகெய்னும் அட்ரினலினும் கலந்த நீர்த்த மருந்தை ஊசியால் நிரப்பி, அறுவை மருத்துவர் முதலில் தழும்பை மட்டும் குறுக்கே வெட்டி விடுவிப்பார். நோயாளி தாமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். கழுத்து நிமிர்ந்ததும் வழக்கமான முறையில் டியூப் வைத்து, எஞ்சிய ஒட்டறுவையைத் தொடரலாம். மயக்க மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒரே மேசையில் ஒருவர் கைக்காக மற்றவர் காத்திருந்து செய்யும் இந்த வேலையை நாட்டின் பல அரசு மருத்துவமனைகள் தம் அனுபவத்தில் கற்றுக்கொண்டன. நம் துறைக்கு அதில் சிறப்பான இடம் உண்டு.

கெட்டமினுக்கும் எல்லை உண்டு. எச்சில் பெருகும், அதனால் கிளைகோபைரோலேட் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். குரல்வளை திடீரென்று இறுகிக்கொள்ளலாம். கனவுகள் சிலரை அச்சுறுத்தும். இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவருக்கு அது தரும் வேகமான துடிப்பு நல்லதல்ல. கெட்டமின் கொடுத்தால் மூச்சுவழி பத்திரம் என்று எண்ணிவிடக் கூடாது என்று ஒவ்வொரு புதிய பட்டமேற்படிப்பு மாணவருக்கும் (பி.ஜி.) சொல்லித்தான் சிரிஞ்சைக் கையில் கொடுத்தோம்.

ஸ்கோப்பும் மிடசோலமும்

1967இல் லண்டனில் பீட்டர் மர்ஃபி என்பவர் பித்தநாளத்தைப் பார்க்கச் செய்யப்பட்ட வளையும் அகநோக்கியை எடுத்து, மூட்டுகள் இறுகிய ஒரு நோயாளியின் மூக்கு வழியே செலுத்தி டியூப் வைத்தார். அந்த வழியில் வந்த ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் தொண்ணூறுகளில் நம் துறைக்குக் கிடைத்தது. ஓசையைக் கேட்டுச் செய்ததைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடிந்தது. கருவியைக் கழுவி, கிருமி நீக்கி, உறையில் தொங்கவிட்டுப் பாதுகாத்த நம் தியேட்டர் செவிலியர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் இந்த மலரில் தனி நன்றி சொல்ல வேண்டும். ஸ்கோப்பின் இழை ஒன்று ஒடிந்தாலும் படத்தில் ஒரு கரும்புள்ளி விழும். புள்ளிகள் பெருகாமல் அவர்கள் காத்த ஆண்டுகள் பல.

ஸ்கோப் வந்ததும் செடேஷன் பற்றிய கேள்வியும் கூர்மையாயிற்று. ஓசை கேட்டுச் செய்தபோது நோயாளி நன்றாக மூச்சிழுக்க வேண்டியிருந்தது. ஸ்கோப்பில் நோயாளி அசையாமல் இருக்க வேண்டும், தொண்டையில் எச்சிலும் ரத்தமும் சேரக் கூடாது, அதோடு தொண்டை தளர்ந்து மூடிக்கொள்ளவும் கூடாது. ஆழமாக உறங்கிய தொண்டையில் ஸ்கோப்பின் நுனிக்கு முன்னால் தெரிவது வெறும் சிவப்புத் திரைதான். விழித்திருப்பவர் ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது வழி தானாகத் திறந்து குரல்நாண்கள் கண்முன் வரும்.

இந்தக் காலத்தில்தான் மிடசோலமும், ஓபியாய்டு வகை வலிநீக்கியான ஃபென்டனிலும் துறையின் அன்றாட மருந்துகள் ஆயின. மிடசோலம் நீரில் கரையும், எரிவதில்லை, டயசிபாமை விட மிகச் சீக்கிரம் நீங்கும், நடந்ததை நினைவிலிருந்து அழிக்கும். 1985இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, தொடக்கத்தில் பரிந்துரைத்த அளவுகள் கூடுதலாக இருந்ததாலும், கண்காணிப்பு போதாததாலும் எண்டோஸ்கோப்பி அறைகளில் மூச்சடங்கி உயிரிழப்புகளுக்குக் காரணமாயிற்று. அதன் பிறகே கடும் எச்சரிக்கையும் குறைந்த அளவும் வந்தன. குறிப்பாக ஓபியாய்டோடு சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும் என்பதை உலகம் அப்படித்தான் கற்றது. அந்தப் பாடத்தை நம் துறை தன் விதியாக்கிக்கொண்டது. மிடசோலம் அரை மில்லிகிராம், ஒரு மில்லிகிராம் என்றே கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். பேச்சு குழறினால் நிறுத்த வேண்டும். மிடசோலத்தை முறிக்கும் ஃப்ளூமாசெனிலும் ஓபியாய்டை முறிக்கும் நாலாக்சோனும் சிரிஞ்சுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கொடுத்ததைத் திரும்பப் பெற வழி உள்ள மருந்து என்பது மிடசோலம், ஃபென்டனில் இரண்டின் பெரிய பலம். அதை நம்பி அளவைக் கூட்டுவதுதான் பெரிய பலவீனம்.

1986இல் பிரிட்டனில் அறிமுகமான புரோபோஃபால் பின்னாளில் எல்லா அரங்குகளையும் ஆட்கொண்டது. வேகமாக உறக்கம் தரும், வேகமாகத் தெளியும். ஆயினும் கடினமான மூச்சுவழியில் அதைத் தனி மருந்தாகக் கொடுப்பதை நம் துறை ஊக்குவிக்கவில்லை. அமைதிக்கும் முழு மயக்கத்துக்கும் நடுவே அது விடும் இடைவெளி மிகக் குறுகியது. சில மில்லி கூடினாலே தாடை தளரும், ஆக்சிஜன் இறங்கும்.

வெளிநாடுகளில் 1996 முதல் புழங்கும் ரெமிஃபென்டனில் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானது. எவ்வளவு நேரம் செலுத்தினாலும் நிறுத்திய சில நிமிடங்களில் ரத்தத்தில் சிதைந்துவிடும், இருமலை அடக்கும். நம் மருந்துக் கிடங்கு அதைக் கண்டதில்லை. அதற்குப் பதிலாக ஃபென்டனிலைச் சிறு அளவில் பயன்படுத்தி, நேரத்தையும் பொறுமையையும் கூட்டிக்கொண்டோம்.

டெக்ஸ்மெடிடோமிடின் வந்த பிறகு

ஃபின்லாந்தில் பிறந்த டெக்ஸ்மெடிடோமிடினுக்கு 1999இல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்காக ஒப்புதல் கிடைத்தது. 2008இல், டியூப் இல்லாத நோயாளிகளுக்கும் சிகிச்சைச் செயல்முறைகளின்போது கொடுக்கலாம் என்று அது விரிந்தது. மற்ற மருந்துகள் மூளையின் பல பகுதிகளை ஒரே வீச்சில் அடக்க, இது மூளைத்தண்டில் விழிப்பைத் தூண்டும் ஒரு சிறு நரம்பு முடிச்சின்மேல் வேலை செய்கிறது. அதனால் நோயாளி இயல்பான உறக்கத்தைப் போன்ற நிலைக்குப் போகிறார், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறார், சொன்னதைச் செய்கிறார், திரும்பக் கண்ணயர்கிறார். மூச்சு பெரும்பாலும் குறைவதில்லை. எச்சிலும் ஓரளவு வற்றுகிறது.

நம் வாய்ப் புற்றுநோய் அறுவைப் பட்டியலின் முதல் நோயாளிக்கு இன்று காலை எட்டு மணிக்கு நடப்பதை அருகிலிருந்து பார்ப்போம். அறுபது கிலோ எடை; வாய் ஒரு விரல் அகலம்தான் திறக்கிறது. முந்தைய நாள் மாலையிலேயே ஒரு பி.ஜி. அவருடைய படுக்கைக்குச் சென்று, வாய் திறப்பை விரலால் அளந்து, கழுத்தை நிமிர்த்திப் பார்த்து, சி.டி. படத்தில் கட்டியின் இடத்தைக் குறித்திருப்பார். ஆந்திரத்தில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985இல் வெளியிட்ட தொண்டை அளவீட்டைத்தான் எல்லோரும் முதலில் குறிப்பார்கள். வாயே திறக்காதவரிடம் அது பாதிதான் பேசும். நடக்கப்போவதை நோயாளிக்கும் அவர் மனைவிக்கும் தமிழில், பொறுமையாகச் சொல்வதே அந்த மாலையின் முக்கிய வேலை.

காலையில் கிளைகோபைரோலேட் ஊசி. மூக்கில் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் சொட்டு மருந்து. நாலு சதவீத லிக்னோகெய்ன் நெபுலைசர். லிக்னோகெய்ன் மொத்த அளவைப் பலகையில் எழுதுகிறோம்: கிலோவுக்கு 9 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பில் இவருக்கு 540 மில்லிகிராம், நாலு சதவீத மருந்தில் 13.5 மில்லி. நெபுலைசர், ஊசி, ஸ்கோப் வழியே தெளிப்பது எல்லாம் சேர்த்து அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. மூக்கில் ஆக்சிஜன் முதல் நிமிடத்திலிருந்தே ஓடுகிறது.

பக்கத்தில் ஐம்பது மில்லி சிரிஞ்சில் 200 மைக்ரோகிராம் டெக்ஸ்மெடிடோமிடின். ஒரு மில்லியில் 4 மைக்ரோகிராம். கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற கணக்கில் 60 மைக்ரோகிராம், அதாவது 15 மில்லி, பத்து நிமிடத்தில் பம்ப் வழியே போகும். வேகமாகத் தள்ளினால் ரத்த அழுத்தம் முதலில் ஏறி, பிறகு இறங்கும். நாடி நாற்பதுக்குக் கீழே போகலாம். அதனால் அட்ரோபின் ஏற்றிய சிரிஞ்ச் தட்டில் தயாராக இருக்கிறது. இதய மின்கடத்தல் தடை உள்ளவருக்கு இந்த மருந்தே வேண்டாம். முதியவருக்கு அளவு குறையும்.

ஒருவர் ஸ்கோப்பைப் பிடிக்கிறார். இன்னொரு மயக்க மருத்துவர் செடேஷனை மட்டும் கவனிக்கிறார். வேறு வேலை அவருக்கு இல்லை. அவர் கை நோயாளியின் தோளில் இருக்கும். "ஐயா, கண்ணைத் திறங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஐயா கண் திறந்து, மூச்சை இழுக்கிறார். குரல்நாண்கள் விரிகின்றன. அந்த இடைவெளியில் இரண்டு மில்லி மருந்து தெளித்து, காத்து, ஸ்கோப்பை உள்ளே செலுத்துகிறார்கள். மூச்சுக்குழலின் வளையங்களும் அது இரண்டாகப் பிரியும் இடமும் தெரிகின்றன. டியூப் இறங்குகிறது. கேப்னோகிராஃபின் திரையில் கரியமில வாயுவின் அலைகள் வரிசையாக எழுகின்றன. கண்ணால் கண்டதும் அலையில் கண்டதும் ஒத்துப்போன பிறகே புரோபோஃபால் சிரிஞ்சைத் தொட அனுமதி.

குழந்தைகளும், மருந்தே வேண்டாத நோயாளிகளும்

தாடை ஒட்டிய குழந்தையிடம் விழித்திருக்கச் சொல்லி ஒத்துழைப்பைக் கேட்க முடியாது. அவர்களுக்கு ஹாலோதேன், பிறகு செவோஃப்ளூரேன் ஆகிய ஆவி மருந்துகளை மெதுவாக மூச்சில் கலந்து, மூச்சு நிற்காத ஆழத்தில் நிறுத்தி, மூக்கு வழியே டியூப் வைக்கிறோம். தசைத் தளர்ச்சி மருந்து கடைசிவரை வராது. அம்மாவைப் பிரியும் பயத்தைப் போக்க மூக்கில் சொட்டாக விடும் மிடசோலமோ டெக்ஸ்மெடிடோமிடினோ உதவுகிறது. அம்மாவின் மடியிலேயே குழந்தை கண்ணயர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொரு வகை நோயாளியிடம் நம் துறையின் முடிவு மிகத் தெளிவாக இருந்து வந்திருக்கிறது. கழுத்து வீங்கி, எழுந்து உட்கார்ந்து, சத்தத்தோடு மூச்சை இழுத்துக்கொண்டிருப்பவருக்கு செடேஷன் கிடையாது. அவருடைய பதற்றமே ஆக்சிஜன் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். தன் கழுத்துத் தசைகளால் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் அந்தத் தசைகளைத் தளர்த்தக் கூடாது. உட்கார்ந்த நிலையிலேயே, மரப்பு மருந்து மட்டும் போட்டு, விழிப்பிலேயே டியூப். முடியாது என்று தோன்றினால் காது மூக்கு தொண்டை மருத்துவர் கத்தியோடு நிற்க, மரப்பூசியில் கழுத்தில் துளை. மருந்தைத் தேர்வதில் ஒன்றும் கொடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வு. அதற்கே அதிக உறுதி வேண்டும்.

எழுதி வைத்த நெறிகள்

நம் மூத்தவர்கள் வாய்மொழியாகக் காத்ததை உலகம் படிப்படியாக எழுத்தில் கொண்டுவந்தது. அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 1993இல் கடினமான மூச்சுவழிக்கான நெறிமுறையை வெளியிட்டது. 1995இல் பிரிட்டனில் கடினமான மூச்சுவழிக்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. அந்தச் சங்கமும் அரச மயக்கவியல் கல்லூரியும் சேர்ந்து, ஓராண்டு முழுவதும் அந்நாட்டு மருத்துவமனைகளில் மூச்சுவழியால் நேர்ந்த பெரும் பாதிப்புகளைத் திரட்டி 2011இல் வெளியிட்டன. ஏறத்தாழ 29 லட்சம் பொது மயக்கங்கள் நடந்த ஓராண்டில் திரட்டியவை 184 நிகழ்வுகள். விழிப்பிலேயே டியூப் வைத்திருக்க வேண்டிய பலருக்கு அப்படிச் செய்யவில்லை என்பதும், செய்து தோற்ற இடங்களில் மிகை செடேஷனும் ஒரு காரணம் என்பதும் அதில் தெளிவாயின. அறிக்கையைத் துறைக் கூட்டத்தில் வரிவரியாகப் படித்தோம்.

2016இல் அகில இந்திய கடின மூச்சுவழிச் சங்கம் நம் நாட்டுக்கான நெறிமுறைகளைத் தந்தது. 2020இல் பிரிட்டன் சங்கம் விழிப்பு நிலை டியூப் முறைக்கென்றே தனி நெறிமுறை வெளியிட்டது. அது நான்கு தூண்களைச் சொல்கிறது: செடேஷன், மரக்கச் செய்தல், ஆக்சிஜன், செயல்திறன். இவற்றில் செடேஷன் மட்டும் விருப்பத்துக்குரியது என்று காட்ட அதன் எழுத்தைச் சிறிதாக அச்சிட்டார்கள். ரெமிஃபென்டனில், டெக்ஸ்மெடிடோமிடின் இரண்டிலும் மிகை செடேஷன் ஆபத்து குறைவு. புரோபோஃபாலைத் தனித்துக் கொடுக்க வேண்டாம். செடேஷனுக்குத் தனி மருத்துவர் வேண்டும். மூன்று முயற்சி, கூடுதல் அனுபவமுள்ளவருக்கு இன்னும் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். போதாத மரப்புக்கு செடேஷன் ஈடாகாது. இந்த வரிகளைப் படித்தபோது, நாலு சதவீத சைலோகெயின் திரியோடு காத்திருந்த நம் மூத்தவர்களை எண்ணிப் பெருமைப்பட்டேன்.

அடுத்த ஐம்பது ஆண்டுக்கு

புதிய மருந்துகள் வரும். ஃப்ளூமாசெனிலால் முறிக்கக்கூடியதும் விரைவில் நீங்குவதுமான ரெமிமசோலம் 2020இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றுவிட்டது. வீடியோ லாரிங்கோஸ்கோப் பல இடங்களில் ஃபைபர் ஸ்கோப்பின் வேலையைச் செய்கிறது. கருவி எளிதாகும்போது விழிப்பு நிலை டியூப் செய்யும் வாய்ப்பு மாணவர்களுக்குக் குறைகிறது. அந்தத் திறமை கை விட்டுப் போய்விடக் கூடாது. பொம்மை மாதிரியில் ஸ்கோப் பயிற்சியை ஒவ்வொரு பி.ஜி.யும் முதலாண்டிலேயே முடிக்க வேண்டும். மரக்கச் செய்யும் ஊசியையும் தெளிப்பையும் கையால் செய்து பழக வேண்டும்.

இன்னும் மூன்று வேலைகள் பாக்கி இருக்கின்றன. முதலாவது, செடேஷனுக்கென இரண்டாவது மருத்துவர் என்ற விதி பகல் பட்டியலில் நடக்கிறது; இரவு டியூட்டியிலும் அது நடக்க ஆள் பலம் வேண்டும். இரண்டாவது, மூச்சுவழி கடினம் என்று கண்டறிந்த ஒவ்வொருவருக்கும், எந்த மருந்து, எந்த அளவு, எந்த டியூப், எத்தனையாவது முயற்சி என்று தமிழில் எழுதிய அட்டையைக் கொடுத்தனுப்ப வேண்டும். அடுத்த முறை அவர் வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் படுக்கும்போது அந்த அட்டை அவருக்காகப் பேசும். மூன்றாவது, அறுவைக்குப் பின் நோயாளியைப் படுக்கையில் சந்தித்து, அவருக்கு என்ன நினைவிருக்கிறது, எது வலித்தது, எது பயமுறுத்தியது என்று கேட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். மருந்தின் தேர்வு சரியா என்பதற்கு அவரை விடச் சிறந்த சாட்சி இல்லை.

பொன்விழா ஆண்டிலேயே இந்த மூன்றையும் தொடங்கிவிட வேண்டும் என்று இன்றைய துறைத் தலைவரையும் மாணவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அட்டையின் மாதிரியை அச்சகத்துக்கு அனுப்ப இந்த மலரின் வெளியீட்டு நாளை விடப் பொருத்தமான நாள் கிடைக்காது.